கார் சப்வூஃபருக்கு எந்தப் பெட்டி? மூடியது, போர்ட் வைத்தது, பேண்ட்பாஸ், சீட்டடி: ஓர் ஒப்பீடு

“12 அங்குல சப்வூஃபர் வாங்கிவிட்டேன். ஆம்ப்ளிஃபையரும் தயார். பெட்டி மட்டும் சீல்டு (மூடியது) எடுப்பதா, போர்ட்டட் (காற்றுக் குழாய் வைத்தது) எடுப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை.” கார் ஒலியமைப்பில் ஆர்வம் கொண்ட நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றில் இந்தக் கேள்விதான் மிகுதி. பெட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, ஸ்பீக்கரையும் வாட்ஸையும் முதலில் தேர்ந்தெடுத்ததால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்பது என் கருத்து. உண்மையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது பெட்டியே. அதற்குப் பொருந்தும் ஸ்பீக்கரைப் பின்னர் வாங்கலாம்.

தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் சப்வூஃபர். அதன் கோன், அதாவது அசையும் கூம்பு, முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது; அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. எனவே பெட்டியில்லாத ஸ்பீக்கரில் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியை அழித்துவிடும். இந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதில்தான் பெட்டிகள் வேறுபடுகின்றன. மூடிய பெட்டி அதை அடைத்து வைக்கிறது. போர்ட் பெட்டி அதைத் திருப்பி வெளியே விட்டுப் பயன்படுத்துகிறது. பேண்ட்பாஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

டிக்கியில் விட்டுக்கொடுக்கக்கூடிய இடம். எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்று கேட்பதற்கு முன், எத்தனை லிட்டர் இடத்தை நிரந்தரமாக இழக்கச் சம்மதம் என்று வீட்டில் உள்ளவர்களுடன் பேசிவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கைகள், குழந்தையின் வண்டி, ஸ்டெப்னியை எடுக்கும் வழி ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

காரின் உடலமைப்பு. ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே காற்றுவெளி. செடானில் பின்சீட்டும் அதன் பின்னுள்ள தகடும் நடுவே நிற்கின்றன. ஒரே பெட்டி இவ்விரண்டிலும் ஒரே மாதிரி ஒலிக்காது.

ஸ்பீக்கரின் எண்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளால், ஒரு ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சில எண்களைக்கொண்டே கணித்துவிட முடிகிறது. நல்ல நிறுவனங்கள் எஃப்.எஸ். (ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்), கியூ.டி.எஸ்., கியூ.இ.எஸ். (அதன் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பவை), வி.ஏ.எஸ். (கோனின் பிடிப்புக்கு இணையான காற்றின் கொள்ளளவு) என்ற பெயர்களில் இவற்றைக் கையேட்டில் அச்சிடுகின்றன. விரைவாகப் பார்க்க ஒரு வழி உண்டு: எஃப்.எஸ். எண்ணைக் கியூ.இ.எஸ். எண்ணால் வகுங்கள். விடை 50ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் மூடிய பெட்டி பொருந்தும்; 100ஐ நெருங்கினால் போர்ட் பெட்டி பொருந்தும்; நடுவே இருந்தால் இரண்டும் முடியும். இந்த எண்களே தரப்படாத ஸ்பீக்கரை வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

நீங்கள் கேட்கும் இசை. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் 31 ஹெர்ட்ஸ். மின்னணு நடன இசையில் 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை நீண்டு நிற்கும் ஒலிகள் மிகுதி. மெல்லிசையும் கர்நாடக இசையும் கேட்பவருக்கு அந்த அடிமட்டம் அரிதாகவே தேவைப்படும்.

பெட்டி செய்பவரின் கை. இதைப் பலர் ஓர் அளவுகோலாகவே கருதுவதில்லை. தச்சர் அளவில் செய்யும் ஒரு சிறு பிழையை ஒரு வகைப் பெட்டி மன்னித்துவிடும். இன்னொரு வகை மன்னிக்காது.

## ஒரே ஸ்பீக்கர், இரண்டு பெட்டிகள்

எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், கியூ.இ.எஸ். 0.50, கியூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் என்று அமைந்த ஒரு 12 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 30ஐ 0.50ஆல் வகுத்தால் 60 வருகிறது; அதாவது இரண்டு வகைப் பெட்டிக்கும் இது இசையும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த) பலகையில் இரண்டு பெட்டிகளையும் கணக்கிட்டுப் பார்த்தேன்.

| | மூடிய பெட்டி | போர்ட் பெட்டி |
|---|---|---|
| ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் நிகரக் காற்று | 30 லிட்டர் | 60 லிட்டர் |
| ஸ்பீக்கர், போர்ட், உள்தாங்கிகள் சேர்த்த உள்ளளவு | சுமார் 34 லிட்டர் | சுமார் 68 லிட்டர் |
| டிக்கியில் பிடிக்கும் வெளியளவு | சுமார் 48 லிட்டர் | சுமார் 90 லிட்டர் |
| பலகையின் எடை மட்டும் | சுமார் 10 கிலோ | சுமார் 16 கிலோ |
| போர்ட் | இல்லை | 10 செ.மீ. விட்டம், 31 செ.மீ. நீளம் |
| ஒலி சரியத் தொடங்கும் இடம் | 52 ஹெர்ட்ஸை ஒட்டி, மெதுவாக | 32 ஹெர்ட்ஸுக்குக் கீழே, செங்குத்தாக |

இந்த அட்டவணையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூன்றாவது வரிசையை. “60 லிட்டர் பெட்டி” என்று கடையில் சொல்வது உள்ளிருக்கும் நிகரக் காற்றின் அளவு. பலகையின் தடிமனும் மற்றவையும் சேர்ந்து அது டிக்கியில் 90 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். 2018இல் வந்த ஸ்விஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர் என்னும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

## மூடிய பெட்டி

1954இல் அமெரிக்கரான எட்கர் வில்சர், சிறிய மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கோனுக்கு வில்லாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். இன்று காரில் வைக்கப்படும் சீல்டு பாக்ஸும் அதே கருத்தின்படியே இயங்குகிறது. கோன் எந்தப் பக்கம் போனாலும் உள்ளிருக்கும் காற்று அதை நடுநிலைக்கு இழுக்கிறது. இதனால் ஆம்ப்ளிஃபையர் தவறுதலாக மிகத் தாழ்ந்த ஒலியை அனுப்பினாலும் கோன் கட்டுக்கடங்காமல் ஆடிக் கிழிவதற்கான வாய்ப்பு குறைகிறது.

52 ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கினால் அடிமட்ட பேஸ் கேட்காதே என்று அட்டவணையைப் பார்ப்பவர்கள் அஞ்சலாம். கார் என்பது வீட்டுக் கூடம் அன்று. அலைநீளத்தின் பாதி காரின் உள்நீளத்தைவிடப் பெரிதாகும்போது உள்ளே அலை பரவுவதில்லை. முழுக் காற்றுவெளியும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. உள்நீளம் இரண்டரை மீட்டர் உள்ள ஹேட்ச்பேக்கில் இது சுமார் 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கணக்குப்படி 12 டெசிபல் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். மூடிய பெட்டி சரிவதும் அதே 12 டெசிபல் விகிதத்தில்தான். ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறுகிறது. கதவு இடுக்குகள் வழியே காற்று கசிவதாலும் தகடுகள் அதிர்வதாலும் நடைமுறையில் முழு 12 டெசிபல் கிடைக்காது என்றாலும், கிடைக்கும் அளவே போதுமானது. ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு நான் மூடிய பெட்டியைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் அதன் பொறுமை. நம் எடுத்துக்காட்டு ஸ்பீக்கருக்கு 41 லிட்டர் கொடுத்தால் ஒலி மிகச் சமதளமாக அமையும். 30 லிட்டர் கொடுத்தாலும் வேறுபாடு காதுக்குத் தெரியாது. தச்சர் கணக்குத் தவறி 20 லிட்டருக்கே செய்துவிட்டாலும், 100 ஹெர்ட்ஸை ஒட்டி 1 டெசிபலுக்கும் குறைவான ஒரு மேடு எழுமே தவிரப் பெட்டி வீணாகிவிடாது. நாளை ஸ்பீக்கர் எரிந்துபோய், அதே மாடல் சந்தையில் கிடைக்காத நிலை வந்தாலும், ஏறக்குறைய ஒத்த எண்கள் கொண்ட வேறொன்றை அதே பெட்டியில் பொருத்திக்கொள்ளலாம்.

ஒலியின் தன்மையைப் பொறுத்தவரை, சுரத்திலிருந்து சுரத்துக்கு நழுவும் அடியோசைகள் இதில் தெளிவாக வருகின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) எழும் கும்கி என்ற வழுக்கோசையும் உறுமியின் இழுப்பும் ஒரே சுரத்தில் நிற்பவை அல்ல; வழுக்கிச் செல்பவை. பெட்டி ஏதேனும் ஓரிடத்தை மட்டும் உயர்த்திக் காட்டினால் அந்த வழுக்கலின் அழகு கெட்டுவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை வாட்ஸ். 35 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் போர்ட் பெட்டி தரும் ஒலியளவை எட்ட, மூடிய பெட்டிக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மின்திறன் வேண்டும். 250 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் திறன்) போதும் என்ற இடத்தில் 500 தேவைப்படலாம். 500 வாட்ஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ற தடிமனான செப்பு ஒயர், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ், உறுதியான எர்த் ஆகிய அனைத்தும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். செம்பு என்று விற்கப்படும் ஒயர்களில் பல, செப்புப் பூச்சுக் கொண்ட அலுமினியம் என்பதையும் கவனியுங்கள்.

## போர்ட் பெட்டி

பின்பக்க ஒலியைக் குழாய் வழியே திருப்பி வெளியிடும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932இலேயே காப்புரிமை பெற்றார். குழாயில் உள்ள காற்று ஓர் எடையாகவும் பெட்டிக்குள் இருக்கும் காற்று வில்லாகவும் செயல்பட்டு, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சேர்ந்து அதிர்கின்றன. அதையே ட்யூனிங் என்கிறோம். அந்த அதிர்வெண்ணில் கோன் மிகக் குறைவாகவே அசையும். பெரும்பகுதி ஒலி போர்ட்டிலிருந்து வரும். அதைச் சுற்றிய பகுதியில் அதே வாட்ஸுக்கு 3 டெசிபலோ அதற்கு மேலோ கூடுதல் ஒலி கிடைக்கிறது. சரியாகச் செய்யப்பட்ட போர்ட் பெட்டியில் நீண்ட அடியோசையைக் கேட்பது உடம்பெல்லாம் உணரும் ஓர் இன்பம் என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

“சரியாகச் செய்யப்பட்ட” என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாமே இருக்கின்றன. 60 லிட்டர் பெட்டியை 32 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் 31 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். என் முதல் போர்ட் பெட்டியைச் செய்துகொடுத்த கடையில் “உள்ளே இடம் போதவில்லை” என்று 20 சென்டிமீட்டரில் குழாயை வெட்டிவிட்டார்கள். ட்யூனிங் 38 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தும்’ மட்டும் உயர்ந்து ஒலித்தது. ஸ்பீக்கர்தான் மட்டம் என்று நினைத்து அதை மாற்றவும் பணம் சேர்க்கத் தொடங்கினேன். பல மாதங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்து அளந்த பிறகே உண்மை தெரிந்தது. 31 சென்டிமீட்டர் குழாய் பொருத்திய அன்று மாலை, அதே ஸ்பீக்கரில் பேஸ் கிடாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

குழாயைச் சுருக்கும் ஆசை இன்னொரு வழியிலும் வரும். 10 சென்டிமீட்டருக்குப் பதில் 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால் அதே 32 ஹெர்ட்ஸுக்கு 16 சென்டிமீட்டர் நீளமே போதும். பெட்டிக்குள் எளிதாக அடங்கும். ஆனால் அந்த ஒடுங்கிய வாயில் காற்றின் வேகம் மிகும். வேகம் விநாடிக்கு சுமார் 17 மீட்டரைத் தாண்டினால் ‘புஸ்புஸ்’ என்ற மூச்சிரைப்பு இசையோடு கலந்து கேட்கத் தொடங்கும். 12 அங்குல ஸ்பீக்கருக்கு 10 சென்டிமீட்டர் என்பதே குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள். வாய்ப்பகுதி விரிந்திருந்தால் இன்னும் நல்லது.

ட்யூனிங்குக்குக் கீழே நிலைமை தலைகீழ். அங்கே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்காது. திறந்தவெளியில் வைத்த ஸ்பீக்கர் போலவே அது ஆடும். ஆகவே ஆம்ப்ளிஃபையரில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி) கட்டாயம் இருக்க வேண்டும். அதை ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். மலிவான ஆம்ப்ளிஃபையர்களில் இந்த வசதி இருக்காது. பெட்டியில் மிச்சம் பிடித்த வாட்ஸ் செலவை இங்கே கொடுக்க வேண்டிவரும்.

செடான் வைத்திருப்பவர்களுக்குப் போர்ட் பெட்டி பல நேரங்களில் நல்ல தேர்வு. பின்சீட்டுத் தடுப்பில் இழக்கும் ஒலியை அதன் கூடுதல் திறன் ஈடுசெய்கிறது, டிக்கியும் பெரிது. நீண்ட மின்னணு பேஸ் விரும்புபவர்கள், 250 வாட்ஸுக்குள் நிற்க விரும்புபவர்கள், எண்களைப் படித்துக் குழாயை அளந்து வெட்டும் தச்சர் வாய்த்தவர்கள் ஆகியோரும் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஸ்பீக்கர் நிறுவனமே தன் மாடலுக்கென்று செய்து விற்கும் போர்ட் பெட்டி கிடைத்தால் தச்சரின் கையை நம்ப வேண்டிய தேவையும் இல்லை. எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும் என்று அடுக்கிவைத்திருக்கும் பொதுப் போர்ட் பெட்டிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எல்லா ஸ்பீக்கருக்கும் பொருந்தும் ட்யூனிங் என்று ஒன்று கிடையாது.

## பேண்ட்பாஸ்

இதில் ஸ்பீக்கர் வெளியே தெரியாது. ஒரு பக்கம் மூடிய அறை, மறுபக்கம் போர்ட் வைத்த அறை, நடுவே ஸ்பீக்கர். ஒலி முழுவதும் போர்ட் வழியே மட்டும் வெளிவரும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் முகப்பும் நீல விளக்கும் வைத்துக் கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். குறுகிய அலைவரிசைக்குள் நல்ல ஒலியளவு தரும். செடானின் பின்சீட்டில் கை வைக்கும் இடத்துத் திறப்பு வழியே போர்ட்டை நேராக உள்ளே நீட்டினால் சிறப்பாகவும் வேலை செய்யும்.

எனினும் இதை முதல் பெட்டியாக யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு அறைகளும் போர்ட்டும் மிகத் துல்லியமாக அமைய வேண்டும் என்பது ஒரு காரணம். ஸ்பீக்கர் திணறும்போது எழும் கரகரப்பை வெளி அறையே வடிகட்டி மறைத்துவிடுகிறது என்பது அதைவிட முக்கியமான காரணம். மற்றப் பெட்டிகளில் காது எச்சரிக்கும். இதில் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் எரிந்த நாற்றம்தான் எச்சரிக்கும்.

## சீட்டடி சப்வூஃபர்

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே மெல்லிய உலோக உறைக்குள் வரும் இந்த வகையைப் பயனியர், ஜேபிஎல், கென்வுட் ஆகிய நிறுவனங்கள் செய்கின்றன. பெரும்பாலும் 8 அங்குலம் அல்லது அதையொட்டிய அளவு. டிக்கியில் ஓர் அங்குலமும் போகாது. கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமலே அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து இணைக்கலாம். கதவு ஸ்பீக்கர்களால் தர முடியாத 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பகுதியை நிரப்பி இசைக்கு ஓர் உடலைத் தரும். 35 ஹெர்ட்ஸில் நெஞ்சு அதிர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே விடை. டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொண்ட பிறகு, மிச்சமிருக்கும் இடுக்கில் பெட்டியைத் திணித்துச் சிலிண்டர் வால்வை மறைப்பதோ, எரிவாயுக் குழாய் செல்லும் தரையில் துளையிடுவதோ ஒருபோதும் கூடாது.

வாங்குவதற்கு முன் சீட்டுக்கு அடியில் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சீட்டை முற்றிலும் முன்னும் பின்னும் தள்ளி, உயரம் கூட்டும் வசதி இருந்தால் அதை முழுவதும் இறக்கிவைத்து அளக்க வேண்டும். சில கார்களில் பின்சீட்டுக்குச் செல்லும் ஏசி குழாய் அந்த இடத்தில்தான் போகிறது. இன்னொன்றும் உண்டு. சென்னையில் டிசம்பர் மழையில் காருக்குள் கணுக்கால் அளவு நீர் புகுந்த அனுபவம் உள்ளவர்கள், அந்த நீர் முதலில் தொடுவது இதைத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

## எந்தப் பெட்டியானாலும் வரும் செலவுகள்

எம்.டி.எஃப். சீரான அடர்த்தி கொண்டது. பெட்டிக்கு ஏற்ற பலகைதான். ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் பட்டால் ஊதிவிடும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும், டிக்கி ரப்பர் வழியே கசியும் மழைநீரும் சில ஆண்டுகளில் மூலைகளைப் பிளந்துவிடலாம். அத்தகைய ஊர்களில் ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மரைன் பிளைவுட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. எம்.டி.எஃப். என்றால் கார்பெட் ஒட்டும் முன் விளிம்புகளுக்கு பிரைமர் பூசச் சொல்லுங்கள். பார்ட்டிக்கிள் போர்டு வேண்டவே வேண்டாம்.

டிக்கிக் கதவு, நம்பர் பிளேட், பின்பலகை ஆகியவற்றின் கடகடப்பு போர்ட் பெட்டியில் கூடுதலாக இருக்கும். அதிர்வைத் தணிக்கத் தகடுகளில் ஒட்டும் பியூட்டைல் தாள்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கிவையுங்கள். கார் வாரண்டியில் இருந்தால், கம்பெனி ஒயரை வெட்டாமல் அந்தக் காருக்கான கப்ளர் (பொருத்தும் இணைப்பு பிளக்) வாங்கி இணைப்பது பின்னர் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

பெட்டி செய்து முடிந்ததும், ஸ்பீக்கரைப் பொருத்துவதற்கு முன்பே கடைக்குச் சென்று பாருங்கள். உள்ளே டார்ச் அடித்து எல்லா இணைப்புகளிலும் பசையும் சிலிகானும் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா என்று நோக்குங்கள். போர்ட் இருந்தால் டேப் வைத்து அதன் நீளத்தை நீங்களே அளந்து, உள்முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே குழாயின் விட்ட அளவாவது இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிகான் காயும்போது வெளிவரும் அமில ஆவி கோனின் பசையைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஸ்பீக்கரை மாட்ட ஒரு முழுநாள் பொறுக்கச் சொல்லுங்கள். மூடிய பெட்டி என்றால், ஸ்பீக்கரை மாட்டியபின் கோனின் நடுவிலுள்ள மூடியைத் தவிர்த்து, கூம்பின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். கோன் மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றைப் பிடிக்கிறது. சட்டென்று குதித்தால் எங்கோ கசிகிறது. மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அதை அடைத்துத் தரச் சொல்லுங்கள்.